சம்மனசு

பழைய மாணவர் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள், நீங்கள் எப்படி நாவலாசிரியர் ஆனீர்கள் என்று எழுதினால் பிள்ளைகளுக்குப் பிரயோசனமாக இருக்கும் என்று செயலாளர் கேட்டு மூன்று மாதம். ஒரே ஒரு நாவல், அதுவும் சென்னையில் முந்நூறு பிரதி போட்டு, அதில் எண்பது இன்னும் என் கராஜில் கிடக்கிறது. இதற்குள் பிள்ளைகளுக்கு என்ன பிரயோசனம் என்று சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். போன மாதம் தமிழ் சேர் போய்விட்டார் என்ற செய்தி வந்தது. சரி, எழுதிவிடலாம்.

பெயர் எழுதவில்லை. எழுபதுகளில் படித்தவர்களுக்கு மூக்குத்தூள் என்றால் போதும். இரண்டாம் மணி அடித்த பிறகும் வராந்தாவில் கேட்கிற அந்தத் தும்மல் நினைவிருக்கும்.

நான் 1957இல் பிறந்தவன். வெள்ளைக்காரன் திருகோணமலைக் கடற்படைத் தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போன வருசம். டொக்யார்டில் பிற்றராக இருந்த அப்பாவுக்கு அதற்குப் பிறகு நிலையான வேலை என்று ஒன்று அமையவில்லை. மூதூர் லாஞ்சுக்கு என்ஜின் திருத்துவார், கோயில் மணிக்கு எண்ணெய் விடுவார், பின்னேரம் டச்சுக் குடாவில் துறைமுகத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருப்பார். வீட்டில் இருந்த புத்தகங்கள் இரண்டு. ஒன்று செபப்புத்தகம், மற்றது அப்பாவின் என்ஜின் மனுவல், அது இங்கிலிஷ். கதை என்றால் அம்மம்மாதான். அவ கதையில் இரட்டைப் பிள்ளைகள், ஒருவன் அரண்மனையில் வளர்வான், மற்றவனைக் கரடி தூக்கிக்கொண்டு போய்க் காட்டில் வளர்க்கும். எந்த ஊர்க் கதை என்று கேட்டால், "எங்கட கதைதான், பேசாமப் படு" என்பா.

எங்கள் வீட்டுத் தமிழ் கோயில் தமிழ். பூசை, சம்மனசு, உத்தரிக்கிற ஸ்தலம். அது எல்லோரும் பேசுகிற தமிழ் இல்லை என்று ஒன்பதாம் வகுப்பு வரை எனக்குத் தெரியாது.

1971. "என்னால் மறக்க முடியாத நாள்" என்று கட்டுரை. பாதிப் பேர் கன்னியா வெந்நீரூற்றுக்குப் போன கதை எழுதினார்கள், ஒருவன் கோட்டை மான் தன் சாப்பாட்டுப் பார்சலைத் தின்ற கதை எழுதினான் (அவன் இப்போது மெல்பேர்னில் பெரிய டொக்டர்). நான், ஏழு மாதத்தில் காய்ச்சலில் போன எங்கள் சின்னத் தங்கச்சியைப் பற்றி எழுதினேன். வெள்ளைச் சட்டை போட்டு, தலையில் கடதாசிப்பூ முடி வைத்து, மேசையில் வளர்த்தியிருந்தார்கள். மூலையில் இருந்த மெழுகுதிரி ஒன்று காற்றில் அணைய அணைய அப்பா திரும்பத் திரும்பக் கொளுத்திக்கொண்டே இருந்தார், விரல் சுட்டதுகூட அவருக்குத் தெரியவில்லை. கடைசி வரி: "அன்றைக்குத் தங்கச்சி சம்மனசாகிப் போனாள்."

கொப்பி கொடுக்கிற நாள் சேர் என்னுடையதைத் தனியே எடுத்து வைத்திருந்தார். நல்லதாக்கும் என்று நினைத்து நான் வாங்கில் நிமிர்ந்து இருந்தேன். முன் பகுதியை விட்டுவிட்டு அந்தக் கடைசி வரியை மட்டும், கோயிலில் நிருபம் வாசிக்கிற மாதிரி இழுத்து வாசித்தார். பிறகு கண்ணாடிக்கு மேலால் பார்த்து, "சம்மனசா? இது என்னடா, சம்பந்தமில்லாத மனசா?" என்றார்.

வகுப்பு வெடித்தது. நானும் சிரித்தேன். அதுதான் இன்றைக்கும் பொறுக்கவில்லை, நானும் சிரித்தேன்.

பின் வாங்கில் இருந்து பாலையூற்றுப் பெடியன் ஒருவன்தான் எழும்பி, "சேர், அது செத்த பிள்ளையைச் சொல்றது" என்றான்.

சேர் ஒன்றும் சொல்லவில்லை. தூள் டப்பியை எடுத்தார், திறந்தார், போடாமலே மூடினார். கொப்பியை என் மேசையில் வைத்துவிட்டுப் புணரியலுக்குப் போய்விட்டார். மன்னிப்பு என்ற சொல் அந்தக் காலத்தில் வாத்திமாருக்குப் பாடத்திட்டத்தில் இருக்கவில்லை. அன்று பின்னேரமே எனக்குச் சம்மனசு என்று பட்டம் விழுந்தது, ஏ எல் எடுக்கும் வரை அது போகவில்லை. லண்டன் ஒன்றுகூடலில் இப்போதும் இரண்டு பேர் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

அடுத்த கிழமை இடைவேளையில் ஆசிரியர் அறைக்கு வரச் சொன்னார். அடிதான் என்று நினைத்துப் போனேன். தேம்பாவணியை எடுத்து வைத்திருந்தார். "இத்தாலியில் இருந்து வந்தவன் 1732இல் எங்களுக்குச் சதுரகராதி செய்து தந்தான். நான் இதை ஒழுங்காகப் படிக்கவில்லை. நீ படி" என்றார். பிறகு, வேறு யாருக்கோ சொல்வது போல ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, இலங்கையில் முதல் தமிழ் நாவல் 1885இல் சித்திலெவ்வை எழுதியது, முஸ்லிம். அடுத்தது 1891இல் ஊசோன் பாலந்தை கதை, எழுதியவர் இன்னாசித்தம்பி, இந்த ஊர், உங்கட ஆள், வேதக்காரர். அதற்கு நாலு வருசம் கழித்து மோகனாங்கி எழுதிய சரவணமுத்துப்பிள்ளையும் இந்த ஊர்தான் என்றார். பாலந்தை என்ன கதை சேர் என்று கேட்டேன். வெளிநாட்டுக் கதையடா, இரட்டைப் பிள்ளைகள், ஒருவனைக் கரடி வளர்க்கும் என்றார்.

எனக்குக் கை குளிர்ந்துவிட்டது. அம்மம்மா எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பா. 1891இல் அச்சான ஒரு கதை எந்த வாய் வழியாக எங்கள் அடுப்படிக்கு வந்து சேர்ந்தது என்று சொல்ல அவ அப்போது இல்லை. எப்படி நாவலாசிரியர் ஆனீர்கள் என்று யார் கேட்டாலும் எனக்கு அந்த இடைவேளைதான் ஞாபகம் வருகிறது, மேடையில் மட்டும் வேறு ஏதாவது சொல்வேன்.

1984இல் புறப்பட்டேன். சேரிடம் சொல்லிவிட்டுப் போக நேரம் இருக்கவில்லை, இருந்தது, போகவில்லை. லண்டனில் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை. பதினெட்டு வருசமாக எழுதி எழுதிக் கிழித்தது 2004இல் புத்தகமாக வந்தது. அப்பா, டொக்யார்ட், தங்கச்சி. சென்னையில் மெய்ப்புப் பார்த்த தம்பி போன் எடுத்து, "சார், சம்மனசுன்னா யாருக்கும் புரியாது, தேவதைன்னு மாத்திடலாமா?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். மாற்றுவதென்றால் புத்தகமே வேண்டாம் என்றேன். அப்படிக் கத்துகிற ஆள் இல்லை நான்.

முதல் பிரதியைச் சேருக்கு அனுப்பினேன். ஐந்து வரியில் பதில் வந்தது. புத்தகம் கிடைத்தது, எழுத்து மிகச் சின்னன், கண் முந்தி மாதிரி இல்லை, லைற் பூட்டிய லென்ஸ் ஒன்று அங்கே கிடைக்குமாம், அனுப்பினால் வாசித்துவிட்டு எழுதுவேன். அடுத்த நாளே வாங்கினேன். ஜனவரியில் ஊருக்குப் போகிற ஒருவர் கொண்டுபோவதாக இருந்தது. டிசம்பர் 26இல் கடல் வந்தது. அவருடைய பெட்டியில் மருந்துக்கே இடம் போதவில்லை, லென்ஸைப் பற்றி வாய் திறக்க எனக்கு வெட்கமாக இருந்தது. பிறகு 2006, மாவிலாறு, மூதூர், சண்டை. யார் போவார்கள். அதற்குப் பிறகு போகக்கூடிய வருசங்களும் வந்தன, அவற்றுக்குச் சொல்ல என்னிடம் காரணம் இல்லை.

இதை எழுத உட்கார்ந்தபோது லாச்சியைத் திறந்து பார்த்தேன். பெட்டிகூடப் பிரிக்கவில்லை. உள்ளே பற்றரி கசிந்து பச்சை பூத்திருந்தது.

சேரின் மகளுக்குப் போன் எடுத்தேன். நாவலை அப்பா வாசித்தாரா என்று எப்படிக் கேட்பது, செத்தவீட்டில் கேட்கிற கேள்வியா, ஆனாலும் கேட்டேன். கண் தெரியாதபடியால் பேத்தியைக் கொண்டு வாசிப்பித்துக் கேட்டாராம். இரண்டு அத்தியாயம். பிறகு அவளுக்குச் சோதனை வந்துவிட்டதாம்.

இரண்டாம் அத்தியாயத்தில் தங்கச்சி இன்னும் பிறக்கவே இல்லை. அவள் சாவது ஏழாவதில்.