பட்டை முதலில், வாட்ச் அப்புறம்

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த ட்ரையத்லானுக்கு, இதயத் துடிப்பை அளக்கும் நெஞ்சுப் பட்டையும் வாட்சும் வாங்க நினைப்பவர்களுக்கு இது. ஓடும்போது வாட்சில் துடிப்பு 174 என்று காட்டுகிறது. பக்கத்தில் ஓடுகிறவரிடம் மூச்சு வாங்காமல் கதை பேசவும் முடிகிறது. இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்காது. அந்த 174 பெரும்பாலும் இதயத்தின் கணக்கல்ல, காலின் கணக்கு.

வாட்சின் அடியில் உள்ள பச்சை விளக்கு தோலுக்குள் ஒளியைப் பாய்ச்சி, ரத்தம் ஏறி இறங்குவதை வைத்துத் துடிப்பை எண்ணுகிறது. வாட்ச் தளர்வாக இருந்தால் ஒவ்வொரு அடிக்கும் ஆடும். அந்த ஆட்டமும் சீரான தாளம்தானே, சென்சார் அதைப் பிடித்துக்கொள்ளும். நிமிடத்துக்கு 170, 180 அடி வைப்பவர்கள் இதில் எளிதாக ஏமாறுவார்கள், நம்பும்படியான எண்ணாகவே தெரியும். துடிப்பையும் அடி எண்ணிக்கையையும் ஒரே திரையில் வைத்துப் பாருங்கள். இரண்டும் இரண்டு மூன்று நிமிடம் ஒட்டிக்கொண்டே போனால், வாட்சை மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே ஏற்றி, ஒரு துளை இறுக்கிக் கட்டுங்கள். குளிர் நாட்டுக்காரர்களுக்குத் தோலின் ரத்தக்குழாய் சுருங்கி இந்த சென்சார் இன்னும் மோசமாகத் தடுமாறும். நம்ம ஊர் வெக்கை அந்த வகையில் நமக்கு உதவிதான்.

சைக்கிளில் வேறு சிக்கல். ஹேண்டில்பாரைப் பிடிக்கும்போது மணிக்கட்டு மடங்கும், ரோட்டுக் குலுக்கல் வேறு. வேகத்தைக் கூட்டிக் குறைத்துப் பயிற்சி செய்யும்போது மணிக்கட்டு சென்சார் பின்தங்கும்; 30 விநாடி முழு வேகம் முடிந்த பிறகுதான் எண் ஏறத் தொடங்கும். அதனால்தான் நெஞ்சுப் பட்டையை முதலில் வாங்கச் சொல்கிறோம். அது இதயத்தின் மின்துடிப்பை நேராகப் பிடிக்கிறது. நடுத்தர விலை வாட்சும் நல்ல பட்டையும் சேர்ந்தால், பட்டை இல்லாத விலை உயர்ந்த வாட்சைவிட நம்பகமான கணக்கு கிடைக்கும்.

பட்டை தரும் தொல்லையில் பாதி, காய்ந்த தோலால் வருவது. கட்டுவதற்கு முன் தோலைத் தொடும் எலக்ட்ரோடு பகுதியைத் தண்ணீரில் நனைக்க வேண்டும். நனைக்காவிட்டால் வியர்க்கும் வரை முதல் பத்து நிமிடம் 200-க்கு மேல் தாவும். தேங்காய் எண்ணெய் தேய்த்த நெஞ்சில் கட்டினாலும் இதே கதை, எண்ணெய் மின்தொடர்பைத் தடுக்கும். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுக் கட்டுங்கள். ஆரல்வாய்மொழிக் காற்றில் தொளதொள பாலியெஸ்டர் சட்டை படபடத்தால் நிலைமின்சாரம் உண்டாகி எண் கண்டபடி ஏறும். உடம்போடு ஒட்டிய ஜெர்சி போட்டால் நின்றுவிடும். திரும்பி வந்ததும் பட்டையிலிருந்து சென்சாரைக் கழற்றிவிடுங்கள். ஈரப்பட்டையிலேயே மாட்டியிருந்தால் இன்னும் நெஞ்சில் இருப்பதாக நினைத்து பேட்டரியைத் தின்னும்.

நீச்சலில்தான் பட்டையும் வாட்சும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். பட்டை வாட்சோடு பேசப் பயன்படுத்தும் கம்பியில்லா இணைப்புகளான புளூடூத், ஆன்ட் பிளஸ் இரண்டும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை. தண்ணீருக்குள் சில சென்டிமீட்டருக்கு மேல் போகாது. கார்மின் எச்.ஆர்.எம். புரோ பிளஸ் போன்ற பட்டைகள் துடிப்பைத் தம்மிடமே சேமித்து வைத்து, கரையேறியதும் கார்மின் வாட்சுக்கு அனுப்பும். போலார் எச்10-க்கும் நினைவகம் உண்டு, ஆனால் ஒரே ஒரு பயிற்சிக்குத்தான். அதையும் போன் செயலியில் தொடங்க வேண்டும். எச்10-ஐ வேறு நிறுவன வாட்சோடு சேர்த்து நீந்தினால் ஃபைலில் நீச்சல் துடிப்பு வராது. சுவரை உதைத்துத் திரும்பும் நீச்சல் குளத்தில் பட்டை வயிற்றுக்கு இறங்கிவிடும்; ட்ரை சூட் எனும் ட்ரையத்லான் உடைக்குள் கட்டுங்கள். பட்டையே பிடிக்காதவர்களுக்கு போலார் வெரிட்டி சென்ஸ் நல்ல மாற்று: ஒளி சென்சார்தான், ஆனால் மேல்கையில் கட்டுவதால் ஆட்டம் குறைவு, நீந்தும்போது கண்ணாடிப் பட்டியில் மாட்டிக்கொள்ளலாம்.

இனி வாட்ச். முதலில் ட்ரையத்லான் முறை இருக்கிறதா என்று பாருங்கள். கார்மின் ஃபோர்ரன்னர் 165 நல்ல ஓட்ட வாட்ச், ஆனால் அதில் ட்ரையத்லான் முறையும் இல்லை, மிதிக்கும் சக்தியை அளக்கும் சைக்கிள் பவர் மீட்டரையும் படிக்காது. விலை குறைவு என்று இதை வாங்கிவிட்டு முழிப்பவர்கள் உண்டு. 255, 265-இல் இரண்டும் உண்டு. 955, 965-இல் வரைபடமும் சேரும். தெரிந்த ரோட்டிலேயே சவிட்டுகிறவர்களுக்கு அது தேவையா என்பது சந்தேகம். கோரோஸ் பேஸ் 3 நைலான் பட்டியோடு 30 கிராம்தான், கையில் இருப்பதே தெரியாது. ஆனால் அதில் ஆன்ட் பிளஸ் கிடையாது. பழைய ஆன்ட் பிளஸ் பட்டையோ பவர் மீட்டரோ வைத்திருப்பவர்கள் அதில் புளூடூத் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். ஆப்பிள் வாட்ச் அல்ட்ராவிலும் பல விளையாட்டு முறை உண்டு. ஈர விரலோடும் வியர்வையோடும் தொடுதிரை ஒத்துழைக்காது என்பதால், பொத்தானாலேயே எல்லாம் நடக்கும் வாட்சுக்குத்தான் எங்கள் ஓட்டு.

பேட்டரி விஷயத்தில் அட்டையில் போட்டிருக்கும் பெரிய எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். பேஸ் 3-க்குச் சொல்லப்படும் 38 மணி நேரம் சாதாரண ஜி.பி.எஸ்.ஸுக்கு, இரட்டை அலைவரிசையில் (செயற்கைக்கோளை இரண்டு அலைவரிசையில் பிடிக்கும் துல்லியமான முறை) 15 மணி நேரம். ஃபோர்ரன்னர் 265-க்கு அதே கணக்கு 20-ம் 14-ம். கோவாவில் நடக்கும் அயர்ன்மேன் 70.3 என்ற பாதித் தூரப் போட்டிக்கு (1.9 கி.மீ. நீச்சல், 90 சைக்கிள், 21.1 ஓட்டம்) எதுவும் போதும். முழு அயர்ன்மேன் தூரத்துக்கு 17 மணி நேரக் கெடு வரை போகக்கூடியவர் இரட்டை அலைவரிசையை அணைத்துவிட வேண்டும்.

இரட்டை அலைவரிசை தேவைப்படும் இடம் நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் உண்டு. குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டத்து நிழலில் சாதா ஜி.பி.எஸ். கோடு ரோட்டை விட்டு மரத்துக்குள் போகும். மணக்குடியிலிருந்து சொத்தவிளை, சங்குத்துறை வழியாகப் போகும் கடற்கரைச் சாலையில் வானம் திறந்தே கிடக்கிறது, அங்கே வீண் பேட்டரிச் செலவு.

ஊர்க் குளத்தில் நீந்துகிறவர்கள் "பூல்" முறையைப் போடாதீர்கள். திரும்பச் சுவர் இல்லாததால் வாட்சுக்குத் தூரம் புரியாது. "ஓப்பன் வாட்டர்" போடுங்கள். அதிலும் கை தண்ணீருக்கு மேலே வரும் நேரம்தான் ஜி.பி.எஸ். வானத்தைப் பார்க்கும். தவளை நீச்சலில் கை மேலே வராது, தூரம் கோணலாகும். வாட்சை நீச்சல் தொப்பிக்குள் தலையின் பின்பக்கம் வைத்தால் சரியாகும், அப்போது மணிக்கட்டுத் துடிப்பு போய்விடும். தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் ஊர்க் குளமே போதும்.

அந்தக் காற்றுதான் முப்பந்தலில் சைக்கிள் வேகத்தைப் பொய்யாக்குகிறது. நாகர்கோவிலிலிருந்து போகும்போது முதுகில் தள்ளும், திரும்பும்போது முகத்தில் அறையும். திரையிலிருந்து வேகத்தை எடுத்துவிட்டு பவர் வையுங்கள், இல்லையேல் துடிப்பு வையுங்கள். துடிப்பு ஏற ஒன்றிரண்டு நிமிடம் ஆகும் என்பதை மறந்து எதிர்காற்றின் தொடக்கத்தில் மிதித்துத் தீர்ப்பது பொதுவான தவறு.

220-இலிருந்து வயதைக் கழிக்கும் கணக்கில் துடிப்பு மண்டலம் (பயிற்சியின் கடுமையைப் பிரிக்கும் படிகள்) போட்டால் ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு தவறும். சமதளத்தில், அதிகாலையில், 15 நிமிடம் உடம்பைச் சூடாக்கி, தனியாக 30 நிமிடம் தாக்குப்பிடிக்கக்கூடிய அதிகபட்ச வேகத்தில் ஓடுங்கள். பத்தாவது நிமிடத்தில் லாப் பொத்தானை (பதிவை அங்கிருந்து தனிப் பகுதியாகப் பிரிப்பது) அழுத்துங்கள். கடைசி 20 நிமிடச் சராசரிதான் உங்கள் வரம்புத் துடிப்பு, அதை வைத்து மண்டலம் போடுங்கள். இதய நோய் வரலாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்ய வேண்டாம். சைக்கிளுக்குத் தனியாகச் செய்யுங்கள், பெரும்பாலும் 5 முதல் 10 குறைவாக வரும். வெயில் ஏறிய பிறகு செய்த சோதனையைத் தூக்கிப்போடுங்கள்: உடம்பில் நீர் வற்ற வற்ற அதே வேகத்துக்கே துடிப்பு மேலே போகும். கார்மின் 22 டிகிரிக்கு மேல் வெப்பத்துக்கு ஈடு கணக்கிடும், ஆனால் வானிலையைப் போனிலிருந்துதான் எடுக்கிறது. போனோடு இணைக்காமல் வாரக்கணக்கில் ஓடினால் உங்கள் உடல்தகுதி குறைந்துவிட்டதாகச் சொல்லி வருத்தும்.

போட்டி நாளில் நீச்சல் முடிவு, சைக்கிள் தொடக்கம், சைக்கிள் முடிவு, ஓட்டத் தொடக்கம் என்று லாப் பொத்தானை நான்கு முறை அழுத்த வேண்டும். ஒரு முறை கூடிப்போனால் சைக்கிளில் இருக்கும்போதே வாட்ச் அடுத்த கட்டத்துக்குத் தாவிவிடும். பொத்தான் பூட்டைப் போட்டு, நீங்கள் நின்றால் பதிவைத் தானாக நிறுத்தும் ஆட்டோ பாஸை அணைத்து, வீட்டு முற்றத்தில் ஒருமுறை முழுதாக அழுத்திப் பாருங்கள்.

கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். பக்கத்துச் சின்னத் துளை காற்றழுத்த சென்சாருக்கானது. உப்பு அடைத்தால் கோதையாறு ஏற்றத்தில் உயரக் கணக்கு தவறும். ஊசியால் குத்தாமல் வெதுவெதுப்பான நீரில் ஊறவிடுங்கள். சார்ஜ் பின்கள் முழுதாகக் காய்ந்த பிறகே கேபிளை மாட்டுங்கள், உப்பு ஈரத்தில் மின்சாரம் ஓடினால் சில வாரங்களில் பச்சை பிடித்துவிடும்.