நல்லூர்த் திருவிழாவும் பிஸ்கட் புடிங்கும்

8 ஓகஸ்ட் 2025, வெள்ளி

அக்காவின் பிள்ளைகள் மூவரும் கொழும்பிலிருந்து வந்து சேர்ந்தாயிற்று. மூத்தவளுக்குப் பதினொன்று, நடுவிலானுக்கு எட்டு, சின்னவளுக்கு நாலு. விடுமுறை முடியும்வரை இங்கே யாழ்ப்பாணத்தில்தான். வந்த அன்றே என்ன செய்து தருவாய் என்று கேள்வி. மூத்தவளுக்கு கேக் வேண்டுமாம், அதுவும் ஐசிங் போட்டது.

நல்லூர்க் கோவில் திருவிழாவுக்குக் கொடி ஏறியதிலிருந்து வீட்டில் மச்சம் இல்லை, முட்டையும் இல்லை. அம்மா அதில் விட்டுக்கொடுக்க மாட்டா. சரி, பாலில் நனைத்த பிஸ்கட்டையும் பட்டர் கிரீமையும் அடுக்கிக் குளிரவைக்கும் பிஸ்கட் புடிங் செய்வோம் என்றேன். பழைய ஆட்கள் சிலர் அதற்கும் மஞ்சள் கருவைப் பச்சையாக அடித்துச் சேர்ப்பார்கள், மினுமினுப்பு வரும் என்று. திருவிழா இல்லாத காலத்திலும் நான் அதைச் சேர்ப்பதில்லை. வேகாத முட்டையில் சல்மொனெல்லா கிருமி இருக்கலாம், சின்னப்பிள்ளைகளின் வயிறு அதைத் தாங்காது. முட்டை போடாததால் ருசி குறைந்தது என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

அடுப்பு தேவைப்படாத இனிப்பு என்று இதற்குப் பெயர். எனக்கு அந்தப் பேச்சில் முழு உடன்பாடு இல்லை. 2022 இல் எரிவாயுவுக்கு வரிசையில் நின்றோமே, அப்போது அடுப்பில்லாமல் செய்யக்கூடிய இதையாவது செய்தோமா? பால்மா கிடைக்கவில்லை, ஒரு நாளில் 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு. ஃபிரிட்ஜ் ஓடாவிட்டால் இந்தப் புடிங் இல்லை. கேக்குக்கு அவண் என்றால் இதற்கு ஃபிரிட்ஜ், அவ்வளவுதான் வித்தியாசம்.

9 ஓகஸ்ட், சனி

திருநெல்வேலிச் சந்தைப் பக்கம் போய்ச் சாமான் வாங்கினோம். மேரி பிஸ்கட், உப்பில்லாத பட்டர், ஐசிங் சுகர், கொக்கோ, கொஞ்சம் கஜு. பால் வீட்டில் இருக்கிறது.

கடையில் நடுவிலான் கிரீம் பிஸ்கட் பக்கெட்டை எடுத்துக்கொண்டு வந்தான். ஏற்கெனவே கிரீம் இருக்கிறதே சித்தி, வேலை குறையும்தானே என்றான். கெட்டிக்காரன்தான், ஆனால் கிரீம் பிஸ்கட் இதற்குச் சரிவராது. அது இனிப்புக் கூடியது, பாலில் நனைத்தால் கிரீம் வழுக்கிக் கழன்றுவிடும். மேரி மெல்லியது, இனிப்புக் குறைந்தது, சட்டென்று ஈரம் இழுக்கும். இலங்கையில் எந்த வீட்டுப் பிஸ்கட் புடிங்கைப் பார்த்தாலும் உள்ளே மேரிதான் இருக்கும்.

பட்டரா மாஜரினா என்பது எங்கள் ஊரில் பெரிய வழக்கு. மாஜரின் விலை குறைவு, வெயிலுக்கும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். ஆனால் இந்தப் புடிங்கில் எதுவும் வேகுவதில்லை. போட்ட கொழுப்பின் ருசி அப்படியே நாக்குக்கு வரும், மாஜரின் அண்ணத்தில் மெழுகாக ஒட்டும். அதனால் நான் பட்டர் பக்கம். கொஞ்சமாகச் செய்தாலும் பட்டரில் செய்யவேண்டும்.

பட்டரில் ஒரு தொல்லை உண்டு. 32 பாகைக்கு மேலே போனால் உருகத் தொடங்கிவிடும். ஓகஸ்ட் மாதத்து யாழ்ப்பாணத்தில் மத்தியானம் குசினிக்குள் நின்றால் எனக்கே உருகுகிறது. ஆகவே நாளைக்கு விடிய ஆறரைக்கு எல்லாரும் எழும்பவேண்டும் என்று சொல்லிவிட்டேன். சின்னவள் மட்டும் ஓம் என்றாள்.

10 ஓகஸ்ட், ஞாயிறு

எல்லாரும் எழும்பினார்கள், அதிசயம்தான்.

அளவுகளை எழுதி வைக்கிறேன், அக்கா கேட்பாள். பட்டர் 200 கிராம், ஐசிங் சுகர் 150 கிராம், கொக்கோ நாலு மேசைக்கரண்டி, வெனிலா ஒரு தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. எட்டு அங்குலச் சதுரக் கண்ணாடித் தட்டு. பட்டருக்குச் சரிசமமாகச் சீனி போடச் சொல்வார்கள், சிலர் அதற்கும் மேலே. பிள்ளைகளுக்கு அவ்வளவு தேவையில்லை, பிஸ்கட்டிலும் சீனி இருக்கிறது.

கொக்கோவை அப்படியே பட்டரில் கொட்டினால் மா வாசம் அடிக்கும். பிளாஸ்கிலிருந்து நாலைந்து கரண்டி சுடுதண்ணீர் எடுத்து முதலில் களியாகக் குழைத்தேன். சூடு பட்டால்தான் கொக்கோவின் மணம் வெளியே வரும். அந்தக் களி நன்றாக ஆறினபிறகே பட்டரோடு சேரவேண்டும். இளஞ்சூடு இருந்தாலும் பட்டர் எண்ணெயாகப் பிரிந்துவிடும்.

வேலை பிரித்தது மூத்தவள். அவள் மரக்கரண்டியால் பட்டரை அடித்தாள், மஞ்சள் வெளுத்து வெள்ளையாகும்வரை. மின்சார பீட்டர் வீட்டில் இருக்கிறது, அதை எடுத்தால் நடுவிலானும் தனக்கு வேண்டும் என்பான், சண்டை வரும். ஐசிங் சுகரைத் தேத்தண்ணி வடியில் அரித்துப் போட்டோம். சின்னவள் வடியைத் தட்டத் தட்ட வெள்ளைத் தூள் அவள் மூக்கிலும் மேசையிலும் கொஞ்சம் கோப்பையிலும் விழுந்தது.

நடுவிலானுக்கு நனைக்கும் வேலை. காய்ச்சி ஆறவைத்த பாலை அகலக் கோப்பையில் ஊற்றிக் கொடுத்தேன். இந்தப் புடிங்கில் கவனம் வேண்டிய இடம் இது ஒன்றுதான். பிஸ்கட்டைப் பாலில் போட்டு, ஒன்று என்று சொல்லிப் பிரட்டி, இரண்டு என்று சொல்லி எடுத்துவிடவேண்டும். கையில் எடுக்கும்போது இன்னும் விறைப்பாக இருந்தால் சரி. நனையவில்லையே என்று மறுபடி போடக்கூடாது. மிச்ச ஈரத்தைக் கிரீமிலிருந்தும் பக்கத்துப் பிஸ்கட்டிலிருந்தும் இரவு முழுக்க அது இழுத்துக்கொள்ளும். இப்போதே ஊறிப்போனால் நாளைக்குக் கஞ்சிதான். அவன் ஒவ்வொரு பிஸ்கட்டுக்கும் உரக்க எண்ணினான், பக்கத்து வளவுக்குக் கேட்கும் அளவுக்கு.

அடுக்கியது சின்னவள். ஒரு வரிக்கு மூன்று, ஒரு அடுக்குக்கு ஒன்பது முழு பிஸ்கட். வட்டத்துக்கும் வட்டத்துக்கும் நடுவே வரும் சந்துகளில் உடைந்த துண்டுகளைச் செருகவேண்டும். எதைச் செருகினாலும் பொருந்தும் என்பதால் நாலு வயதுக்கு இது ஏற்ற வேலை. ஒரு அடுக்கு பிஸ்கட், மேலே ஒரு பூச்சு கிரீம், திரும்ப பிஸ்கட். நாலு அடுக்கு வந்தது. இரண்டாவது அடுக்கிலேயே கிரீம் பளபளக்கத் தொடங்கியது. ஏழரை மணிதான், அதற்குள் வெக்கை. தட்டையும் கிரீமையும் ஃபிரிட்ஜில் பத்து நிமிடம் வைத்து எடுத்துத் தொடர்ந்தோம்.

கஜுவை நன்றாகப் பொடித்துத் தூவினேன். முழுக் கஜு சின்னவளின் தொண்டையில் போய் நிற்கலாம். ஐந்து வயதுக்குள் இருப்பவர்களுக்கு எந்தப் பருப்பையும் முழுதாகக் கொடுக்காமல் இருப்பதுதான் நல்லது.

எட்டரைக்கு ஃபிரிட்ஜுக்குள் போனது. ஆறு மணித்தியாலம் போதும், ஆனால் நான் இரவு வைப்பேன். நாளைக் காலைவரை திறக்கக்கூடாது என்றதும் மூன்று முகமும் ஒன்றாய் விழுந்தன.

பின்னேரம் கோவிலுக்குப் போனோம். திரும்பும்போது ரியோவில் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துச் சமாளித்தேன்.

11 ஓகஸ்ட், திங்கள்

வெட்டினோம். கத்தியைச் சுடுதண்ணீரில் முக்கித் துடைத்து, ஒரு வெட்டு, திரும்பத் துடைத்து, அடுத்த வெட்டு. அப்படிச் செய்தால்தான் கோடு தெரியும்: கறுப்பு, மண்ணிறம், கறுப்பு, மண்ணிறம். நடுவிலான் துண்டைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்துவிட்டு, பிஸ்கட் எங்கே போனது என்று கேட்டான். அவன் சொன்னது சரி. கடித்தால் பிஸ்கட் இல்லை, மெத்தென்று கேக்தான். மூத்தவள் கேட்ட கேக் இதுதான் என்று சொல்லிவைத்தேன். ஐசிங் எங்கே என்றாள்.

மேரி பிஸ்கட்டில் ஏன் ஓட்டை என்று சின்னவள் கேட்டாள். சுடும்போது மாவுக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகும், அது வெளியே போக வழி வேண்டும், இல்லாவிட்டால் பிஸ்கட் பூரியாக ஊதிவிடும். அப்போ மேரி யார்? அதற்கும் விடை உண்டு. 1874 இல் விக்டோரியா மகாராணியின் மகனுக்கும் ரஷ்ய சக்கரவர்த்தியின் மகள் மரியாவுக்கும் கல்யாணம். அந்தக் கல்யாணத்துக்காக லண்டன் பீக் ஃபிரீன்ஸ் கொம்பனி போட்ட பிஸ்கட் இது. கல்யாணத்துக்குக் கேக் செய்யவில்லையா என்று கேட்டாள். செய்திருப்பார்கள், பிள்ளை.

அம்மம்மாவுக்கு ஒரு துண்டு. "இனிப்புக் காணாது" என்றா. இரண்டாவது துண்டும் எடுத்தா.

13 ஓகஸ்ட், புதன்

நேற்றே தட்டு காலி. இன்றைக்கு மாம்பழம். கறுத்தக்கொழும்பான் முடியப்போகிறது, மாமா வீட்டு மரத்தின் கடைசிப் பழங்கள் வந்தன.

கண்ணாடிப் பேணிகளில் அடுக்குவோம் என்று நினைத்தேன், அடுக்கு வெளியே தெரிந்தால் பிள்ளைகளுக்குச் சந்தோசம். யோகட் வாங்கவில்லை. கடை யோகட் பலதில் ஜெலட்டின் சேர்ந்திருக்கும், கோப்பையைத் திருப்பி வாசித்தால் தெரியும். ஜெலட்டின் மாட்டின் எலும்பு, தோலிலிருந்து வருவது. திருவிழாக் காலத்தில் அம்மாவிடம் இதைச் சொன்னால் வீட்டில் யாருமே யோகட் சாப்பிடமுடியாது. சட்டித் தயிருக்கு அந்த வில்லங்கம் இல்லை. எருமைத் தயிரை மெல்லிய துணியில் கட்டி ஃபிரிட்ஜுக்குள் தொங்கவிட்டால், நாலைந்து மணித்தியாலத்தில் தண்ணீர் வடிந்து கிரீம் பதத்துக்கு வரும். புளித்த தயிர் வேண்டாம்.

பொடித்த மேரி, அதன் மேல் கித்துள் பாணி கலந்த தயிர், அதன் மேல் மாம்பழக் கூழ், திரும்பவும் அதே வரிசை. இது இரவு முழுக்கக் காத்திருக்கத் தேவையில்லை, ஒரு மணித்தியாலம் குளிர்ந்தால் போதும். நான்கு வயதுப் பொறுமைக்கு இதுதான் அளவு. மூத்தவள் பிஸ்கட்டைப் பக்கெட்டோடு வைத்துக் குழவியால் உருட்டினாள். நடுவிலான் மாம்பழக் கொட்டையைச் சூப்பும் பொறுப்பை ஏற்றுக்கொண்டான். எனக்குப் பிஸ்கட் புடிங்கை விட இதுதான் பிடிக்கும். பிள்ளைகள் கொக்கோ பக்கம்.

15 ஓகஸ்ட், வெள்ளி

காலை பத்துக்கு மின்சாரம் போனது, பின்னேரம்வரை வரவில்லை. நேற்றிரவு செய்த இரண்டாவது புடிங் உள்ளே இருந்தது. கதவைத் திறக்காமல் இருந்தால் நாலு மணித்தியாலம் குளிர் நிற்கும். திறக்காமல் இருக்க வைப்பதுதான் வேலை. மூத்தவள் ஒரு தாளில் "திறக்கத் தடை" என்று எழுதி ஒட்டினாள், சின்னவளுக்கு இன்னும் வாசிக்கத் தெரியாது. குரங்கு ஏறியிருக்குமோ என்றான் நடுவிலான். பெப்ரவரியில் பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு புகுந்து நாடு முழுக்க இருண்டதை அவன் இன்னும் மறக்கவில்லை.

ஃபிரிட்ஜ் இல்லாத நேரத்துக்கு என்ன செய்யலாம்? எனக்கு ஐந்துசந்திப் பக்கத்துச் சிநேகிதியின் ஞாபகம் வந்தது. நோன்புக் காலத்தில் அவள் வீட்டிலிருந்து கடற்பாசி, அதாவது அகர் அகர் போட்டு இறுகவைத்த இனிப்பு வரும், பாலில் ஒன்று, நிறத்தில் ஒன்று என்று வைரத் துண்டாக வெட்டி. ஜெலட்டின் நம் வெயிலில் நிற்காது. கடற்பாசி 40 பாகைக்குக் கீழே வந்தாலே இறுகும், அதாவது வெறும் மேசையில். இறுகினதை மறுபடி உருக்க 85 பாகை வேண்டும். யாழ்ப்பாணத்து வெயில் அந்த அளவுக்கு இன்னும் போகவில்லை.

ஒரு லீற்றருக்குப் பத்துக் கிராம் பாசி. ஊறவைத்து, ஒரு திரிகூடத் தெரியாமல் கரையும்வரை காய்ச்சவேண்டும். அடுப்பு என்பதால் இது என் வேலை, பிள்ளைகளுக்கு ஊற்றும் வேலை மட்டும். பாதியில் தேங்காய்ப்பாலும் சீனியும். மற்றப் பாதியில் நெல்லி ரசம், அதை அடுப்பிலிருந்து இறக்கியபிறகுதான் விடவேண்டும், புளிப்போடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் பாசி இறுகாது. முதல் அடுக்கு விரலில் ஒட்டும் பதத்தில் இருக்கும்போதே அடுத்ததை ஊற்றவேண்டும். முழுக்க இறுகிவிட்டால் இரண்டும் சேராது, வெட்டும்போது மேல்தட்டு வழுக்கிக்கொண்டு போகும். காத்திருக்கும் நேரம் அடுத்த கலவை சட்டியிலேயே இறுகாமல் இருக்க, அதைச் சுடுதண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்தேன்.

ஒரு மணித்தியாலத்தில் வெட்டிச் சாப்பிட்டோம், வெதுவெதுப்பாகவே. மின்சாரம் மூன்று மணிக்கு வந்தது. புடிங்கின் மேல்பூச்சு தொட்டால் அமுங்கியது, இரவுக்குள் மறுபடி இறுகிவிட்டது.

16 ஓகஸ்ட், சனி

நாளைக்குப் பிள்ளைகள் யாழ்தேவி ரயிலில் கொழும்புக்குப் போகிறார்கள். புடிங்கைக் கொண்டுபோகலாமா என்று அக்கா கேட்டாள். ஏழெட்டு மணித்தியாலப் பயணம், குளிர் இல்லாமல். முடியாது என்றேன். கடற்பாசித் துண்டுகளை ஒரு டப்பாவில் போட்டுக் கொடுக்கலாம் என்று பார்த்தால், அதற்குள் தேங்காய்ப்பால், அதுவும் வெயிலில் புளித்துவிடும். ஆகவே பொடித்த கொக்கோ ஒரு பக்கெட்டும் இந்தக் குறிப்பின் பிரதியும்.

"கண்டென்ஸ்ட் மில்க் விட்டால் சீனி தேவையில்லையாமே?" என்று அக்கா இரவு போனில். விடலாம். ஆனால் கிரீம் இளகலாக வரும், இன்னொரு இரவு ஃபிரிட்ஜில் வைக்கவேண்டியிருக்கும். அதைப் பிள்ளைகளிடம் சொல்லும் வேலை அவளுடையது.