லாங் ரன் நாட்குறிப்பு: செப்டம்பர் புழுக்கத்திலிருந்து மார்கழி வரை

செப்டம்பர் 8, 2024, ஞாயிறு. 18 கி.மீ.

ஜனவரி 5 சென்னை மாரத்தானுக்கு இன்னும் 17 வாரம். அதுவரை ஞாயிறுதோறும் லாங் ரன், அதாவது வாரத்தின் நீண்ட ஓட்டம். இன்றைய பாதை: எலியட்ஸ் கடற்கரை, அடையாறு, திரு.வி.க. பாலம், சாந்தோம், கலங்கரை விளக்கம். விவேகானந்தர் இல்லம் பக்கம் போய்த் திரும்பினால் ஏறக்குறைய 18 வந்துவிடும்.

செப்டம்பரில் விடியற்காலை நாலரைக்கும் வெப்பநிலை 26ஐ ஒட்டியே நிற்கிறது. 26 என்பது பயப்படும் எண் கிடையாது. கூட வரும் ஈரப்பதம்தான் ஆளைச் சாய்க்கும். வானிலை ஆப்பில் வெப்பநிலைக்குக் கீழே டியூ பாயிண்ட் (காற்றிலுள்ள ஈரம் பனித்துளியாக மாறத் தொடங்கும் வெப்பநிலை) என்று ஒன்று போட்டிருப்பார்கள். முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். அது 24, 25ஐத் தொட்டால் வியர்வை காயாமல் சொட்டும். தோலில் காய்ந்து போகிற வியர்வைதான் உடம்பைக் குளிர வைக்கும். சொட்டி ரோட்டில் விழுந்தது வீண். சூடு இறங்காததால் உடம்பு தோலுக்கு அதிக ரத்தத்தை அனுப்புகிறது. வியர்வையாகப் போன நீரால் ரத்தத்தின் அளவும் குறைகிறது. காலுக்கும் தோலுக்கும் சேர்த்துக் கொடுக்க இதயம் வேகமாக அடிக்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் ஒரே பேஸில் (ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் நேரம்) ஓடினாலும் முதல் ஐந்து கிலோமீட்டரில் 140 இருந்த ஹார்ட் ரேட் பதினைந்தாவதில் 155 காட்டும்.

நாலரை மணி நேரத்தில் மாரத்தானை முடிக்க நினைப்பவருக்குப் பந்தய பேஸ் கிலோமீட்டருக்கு 6:24. அவர் இந்த மாதத்து லாங் ரன்னை 7:15க்கும் 7:45க்கும் இடையில் ஓடினால் போதும். பக்கத்தில் ஓடுபவரிடம் ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் சொல்ல முடிகிறதா? அந்தச் சோதனை வாட்சை விட நம்பகமானது. ஒன்பது நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று பிரித்துக்கொள்வதிலும் கௌரவக் குறைச்சல் இல்லை. ஆனால் நடையை முதல் கிலோமீட்டரிலிருந்தே தொடங்க வேண்டும். களைத்த பிறகு நடந்தால் அதற்குப் பெயர் வேறு.

செப்டம்பர் 11, புதன்

யாருக்கு எவ்வளவு வியர்க்கும் என்பதை ஊகிக்க வேண்டாம், எடை போட்டால் தெரிந்துவிடும். கிளம்பும் முன் சிறுநீர் கழித்துவிட்டு, உடையில்லாமல் எடை பார்க்க வேண்டும். ஓடி முடித்ததும் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்க்க வேண்டும். உடையோடு பார்த்தால் நனைந்த பனியனே கால் கிலோ பொய் சொல்லும்.

உதாரணத்துக்கு: முன்னால் 68.4 கிலோ, பின்னால் 66.9. நடுவில் குடித்தது 600 மில்லி. ஓடியது ஒன்றரை மணி நேரம். எடையில் குறைந்தது ஒன்றரை லிட்டர், குடித்தது 0.6, ஆக 2.1 லிட்டர் வியர்வை, மணிக்கு 1.4 லிட்டர். இந்த ஊரில் இது சாதாரணம். மூன்று மணி நேரம் ஓடினால் நாலு லிட்டருக்கு மேல் போகும். ஓடுகிறவர்களில் பெரும்பாலானோர் வயிறு மணிக்கு 600 முதல் 800 மில்லிக்கு மேல் தாங்காது, மீதி குலுங்கிக்கொண்டே வரும். அந்தப் பற்றாக்குறையைக் குடித்து ஈடுகட்ட வழியில்லை. வேகத்தைக் குறைத்து வியர்வையைக் குறைப்பது ஒன்றுதான் வழி. எடை இரண்டு சதவீதம் வரை குறைந்தால் பரவாயில்லை, மூன்றைத் தாண்டினால் அடுத்த வாரம் மெதுவாக.

எடை கூடியிருந்தால் அது இன்னும் மோசம். வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்து ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போனதன் அடையாளம் அது. குமட்டல், தலைவலி, விரல் வீக்கம் என்று ஆரம்பித்து மயக்கம், வலிப்பு வரை போகக்கூடியது. ஓடும்போது ஐபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரை போடுவது இந்த ஆபத்தைக் கூட்டும், சிறுநீரகத்துக்கும் கேடு. மாத்திரை போட்டால்தான் ஓட முடியும் என்கிற நிலையில் அன்றைக்கு ஓடவே கூடாது.

செப்டம்பர் 22, ஞாயிறு. 22 கி.மீ.

தண்ணீரை எங்கே வைப்பது என்பது பாதித் திட்டம். சாலை நடுச்செடிக்குப் பின்னால் ஒளித்து வைத்த பாட்டிலைத் தூய்மைப் பணியாளர்கள் எடுத்துப் போய்விடுவார்கள், அது அவர்கள் வேலை. நேராகப் போய்த் திரும்பும் பாதையைவிட, வண்டி நிறுத்திய இடத்துக்கே ஐந்தாறு கிலோமீட்டருக்கு ஒரு முறை வந்து சேரும் சுற்றுப்பாதை மேல். பெசன்ட் நகர், சாஸ்திரி நகர், இந்திரா நகர் பக்கம் அப்படி ஒரு சுற்று எளிதாகப் போடலாம். கிளம்பும் முன் பாதித் தண்ணீரை பாட்டிலோடு ஃப்ரீசரில் படுக்க வைத்து உறைய வைத்து, மீதியைக் காலையில் ஊற்றினால் இரண்டாவது சுற்றிலும் சில்லென்று இருக்கும்.

வீட்டுக் கலவை: ஒரு லிட்டர் தண்ணீர், கால் டீஸ்பூன் உப்பு, மூன்று டேபிள்ஸ்பூன் சர்க்கரை, அரை எலுமிச்சை. அதிகமாக உப்புப் பூக்கிறவர்கள், அதாவது காய்ந்த பிறகு தொப்பியில் வெள்ளைக் கோடு விழுகிறவர்கள், ஓ.ஆர்.எஸ். பக்கம் போகலாம். உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரம் என்று அச்சிட்ட தூள் பாக்கெட்டாகப் பார்த்து வாங்க வேண்டும். அட்டைப் பெட்டியில் ஜூஸ் போல வருவதில் பெரும்பாலும் சர்க்கரைதான். ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை ஒன்றரை லிட்டரில் கலக்கினால் ஓடும்போது குடிக்கும் ருசி வரும். இது ஓட்டக்காரருக்கான கணக்கு. வயிற்றுப்போக்குக்கு இப்படி நீர்க்கக் கலக்கவே கூடாது.

இளநீர்? ஓடி முடித்ததும் தாராளமாக. அதில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. வியர்வையில் போவது பெரும்பாலும் சோடியம். அதனால் இளநீரோடு கொஞ்சம் உப்பு போட்ட எதையாவது சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கையில் நூறு ரூபாய்த் தாள் ஒன்றை ஜிப் கவரில் போட்டு வைத்திருப்பது நல்லது. வியர்த்த விரலுக்கு போன் திரை அசையாது. நாலரை மணி டீக்கடையில் நின்றுகொண்டு க்யூஆர் ஸ்கேன் செய்யத் திண்டாடுவது தேவையா?

அக்டோபர் 6, ஞாயிறு. 25 கி.மீ.

மெரினாவில் இன்று விமானப் படை சாகச நிகழ்ச்சி என்பதால் காமராஜர் சாலையை விட்டுவிட்டுத் திருவான்மியூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே: பாலவாக்கம், நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம், அக்கரை, உத்தண்டி சுங்கச்சாவடிக்கு முன்னால் திரும்புதல்.

சாலை ஓரத்தில் தண்ணீர் வடிய ஒரு சரிவு இருக்கும். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஒரே ஓரத்தில் ஓடினால் ஒரு கால் எப்போதும் தாழ்வில் விழும். முழங்காலின் வெளிப்பக்கம் பிடித்துக்கொள்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி வலது ஓரமாக ஓடுவதுதான் பாதுகாப்பு, அதை மாற்றக் கூடாது. உள் சாலைகள் கிடைக்கும் இடத்தில் இறங்கி நடுவில் ஓடிவிட்டு மறுபடி ஏறலாம். முதுகில் சிவப்பு மின்னும் விளக்கு கட்டாயம். ஹெட்போன் ஒரு காதில் மட்டும், அதுவும் இல்லாவிட்டால் இன்னும் நல்லது.

நாய்கள்: குரைத்தால் ஓட்டத்தை நிறுத்தி நடக்க வேண்டும். ஓடுவதைத்தான் அவை துரத்தும். பல் பட்டால் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசி. சின்னக் கீறல்தானே என்று ஒத்திப் போடக் கூடாது.

அக்டோபர் 8, செவ்வாய்

ஞாயிறு ஓடியவர்கள் பாதிப் பேர் குளிக்கும்போது கத்தியிருப்பார்கள். உரசல். தொடை இடுக்கு, அக்குள், மார்புக் காம்பு, பெண்களுக்கு ஸ்போர்ட்ஸ் பிராவின் அடிப்பட்டை. தேங்காய் எண்ணெய் ஒரு மணி நேரத்தில் வியர்வையோடு வழிந்துவிடும். வாஸலின் தடிமனாகப் பூசினால் இரண்டு, இரண்டரை மணி நேரம் நிற்கும். காம்புக்கு மைக்ரோபோர் டேப், காய்ந்த தோலில், வாஸலின் பூசும் முன் ஒட்ட வேண்டும்.

வியர்வை காலில் வழிந்து ஷூவுக்குள் இறங்கும். பதினைந்து கிலோமீட்டருக்குப் பிறகு சளக் சளக் என்று சத்தம் கேட்டால் சாக்ஸ் பருத்தி என்று அர்த்தம். பருத்தி உறிஞ்சிக்கொண்டு விடாது, ஊறிய தோல் கொப்பளிக்கும். நைலான் அல்லது பாலியஸ்டர் கலந்தது வேண்டும். வெப்பத்தில் பாதம் வீங்குவதால் பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நகம் கறுக்கும். ஷூ வாங்க மாலையில் போவது அதனால்தான். ஓடி வந்ததும் உள் அட்டையை வெளியே எடுத்து, செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, ஃபேன் அடியில் வைத்தால் மறுநாளுக்குள் காயும். மொட்டை மாடி வெயிலில் வைத்தால் பசை விடும், அடி நுரை கெட்டிப்படும்.

அக்டோபர் 20, ஞாயிறு. 28 கி.மீ.

இரண்டு மணி நேரம் தாண்டும் ஓட்டத்துக்குச் சாப்பாடு வழியிலேயே வேண்டும்: மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து. ஒரு ஜெல்லில் (ஓடும்போது பிழிந்து விழுங்கும் சர்க்கரைக் கூழ் பாக்கெட்) பெரும்பாலும் 20 முதல் 25 கிராம், நடுத்தர வாழைப்பழத்திலும் ஏறக்குறைய அவ்வளவே. கொட்டை எடுத்த பேரீச்சை நாலு கிட்டத்தட்ட ஒரு ஜெல்லுக்குச் சமம், விலை பத்தில் ஒரு பங்கு. கடலை மிட்டாய் நல்ல தின்பண்டம், ஆனால் கடலைக் கொழுப்பு வயிற்றில் தங்கும், ஓடும்போது வேண்டாம். முதல் வாயைப் பசிக்கும் முன்பே, 40ஆவது நிமிடத்தில் போட வேண்டும். ஜெல் எடுத்தால் வெறும் தண்ணீர். சர்க்கரைக் கலவையோடு சேர்த்தால் வயிறு கட்டிக்கொள்ளும்.

முந்தைய இரவு இட்லி, இடியாப்பம், தயிர் சாதம். கீரையும் சுண்டலும் மற்ற நாளைக்கு. நாலு மணிக்குத் திறந்திருக்கும் பொதுக் கழிப்பறை இந்த ஊரில் அரிது, பெட்ரோல் பங்க் எங்கே என்று முன்பே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். காலையில் ரொட்டியும் ஜாமும் அல்லது இரண்டு வாழைப்பழம், முக்கால் மணி நேரம் முன்னால். காபி பழக்கமுள்ளவர் காபியும் குடிக்கலாம். வெண்பொங்கல் ஓடி முடித்த பிறகு. நெய் அதுவரை காத்திருக்கும்.

நவம்பர் 3, ஞாயிறு. 20 கி.மீ.

இறக்கு வாரம், அதாவது உடம்பு தேற தூரத்தைக் குறைக்கும் வாரம். தீபாவளிப் புகை வெள்ளிக்கிழமை ஓட்டத்தை விழுங்கியது சரியே. அந்தக் காற்றை இரண்டு மணி நேரம் ஆழமாக இழுப்பதற்கு வீட்டில் தூங்கலாம்.

இனி வாடைக்காற்று. வடகிழக்கிலிருந்து வருவதால் கடற்கரைச் சாலையில் தெற்கே போகும்போது முதுகில் தள்ளும். வேகம் வரும், ஆனால் காற்றும் ஆளும் ஒன்றாகப் போவதால் தோலில் காற்றுப் படாது, உடம்பு கொதிக்கும். திரும்பும்போது எதிர்க்காற்று குளிர வைக்கும், பேஸ் விழும். முதல் பாதியை வாட்ச் சொல்வதை விட மெதுவாக ஓடியவர்தான் இரண்டாம் பாதியில் ஓடிக்கொண்டிருப்பார்.

நவம்பர் 17, ஞாயிறு. 30 கி.மீ. அல்லது மூன்றரை மணி நேரம்

எது முதலில் வருகிறதோ அதோடு நிறுத்தம். 7:40 பேஸில் ஓடுபவர் 35 போடப் போனால் நாலரை மணி நேரம் ஆகும். மூன்றரைக்குப் பிறகு பயிற்சிப் பலன் பெரிதாகக் கூடாது. தசையும் தசைநாரும் அடிபடுவது மட்டும் கூடும். அடுத்த வாரம் முழுக்க வீணாகும்.

கூட ஓடுபவரைக் கவனிக்க வேண்டிய தூரம் இது. வெயிலில் புல்லரிப்பு, தள்ளாட்டம், கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில் இவை வெப்பத் தாக்கு. வியர்த்துக்கொண்டுதானே இருக்கிறார் என்று விடக் கூடாது. நிழலில் படுக்க வைத்து, கிடைத்த தண்ணீரையெல்லாம் உடம்பில் ஊற்றி விசிறி, 108. வண்டி வரும் வரை குளிர்விப்பதை நிறுத்தக் கூடாது. நினைவு தெளியாதவர் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம்.

டிசம்பர் 1, ஞாயிறு

ஓட்டம் இல்லை. ஃபெஞ்சல் புயல் நேற்று இரவு புதுச்சேரி அருகே கரை கடந்தது, சென்னையில் நேற்றைக்கே நல்ல மழை. தேங்கிய நீரில் ஓடுவதில் வீரம் ஒன்றும் இல்லை. திறந்த மூடி தெரியாது, மின் இணைப்புப் பெட்டியின் கசிவு தெரியாது; பாத வெடிப்பு வழியே எலிக்காய்ச்சல் கிருமி நுழையும்.

விட்டுப்போன 32ஐப் புதன்கிழமை திணிப்பதும், அடுத்த ஞாயிறோடு கூட்டி 40 ஓடுவதும் வேண்டாம். போனது போனதுதான்.

டிசம்பர் 15, ஞாயிறு. 32 கி.மீ.

கடைசி நீள ஓட்டம், பந்தயத்துக்கு மூன்று வாரம் முன்னால். சூரியன் இப்போது 6:20ஐ ஒட்டித்தான் எழுகிறது. இருட்டு நீள்வதால் விளக்கில் முழு சார்ஜ் வேண்டும்.

22 கிலோமீட்டர் வழக்கமான பேஸ், கடைசிப் பத்து பந்தய பேஸ். அந்தப் பத்தில் பேஸ் மாறாமல், ஹார்ட் ரேட்டும் ஐந்தாறு துடிப்புக்கு மேல் ஏறாமல் நின்றால் குறிவைத்த நேரம் சரி. நாலாவது கிலோமீட்டரிலேயே ஏறத் தொடங்கினால் பந்தய பேஸில் 10 முதல் 15 நொடி சேர்த்து மெதுவாக்க வேண்டும். அன்றைக்குப் போடப்போகும் அதே ஷூ, சாக்ஸ், பனியன், ஜெல் எல்லாம் இன்றே.

டிசம்பர் 22, ஞாயிறு. 18 கி.மீ.

மார்கழி. கோலம் போடுகிற நேரத்தில் 22, 23 டிகிரி. செப்டம்பரில் 7:30க்குத் திணறிய கால் இப்போது அதே ஹார்ட் ரேட்டில் 6:50 காட்டும். புழுக்கத்தில் பழகிய உடம்பில் ரத்தத்தின் நீரளவு கூடியிருக்கிறது, சீக்கிரமே வியர்க்கிறது, வியர்வையில் உப்பும் குறைந்திருக்கிறது. அதனால் வருகிற சுகம்தான் இது. இதை நம்பிப் பந்தயத்தின் முதல் பத்தை 6:00ல் ஓடுகிறவர்களை முப்பதாவது கிலோமீட்டரில் நடைபாதையில் பார்க்கலாம். அதற்குள் வெயிலும் ஏறியிருக்கும்.

தூரத்தை வாரத்துக்கு வாரம் குறைக்க வேண்டும், வேகத்தை அல்ல. வாரம் 60 ஓடியவர் இந்த வாரம் 42, அடுத்த வாரம் 30. புதன்கிழமை பந்தய பேஸில் ஐந்து கிலோமீட்டர் அப்படியே இருக்கட்டும்.

டிசம்பர் 29, ஞாயிறு. 12 கி.மீ.

பந்தயத்துக்கு முந்தைய வெள்ளி, சனி இரண்டு நாளும் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 8 கிராம் மாவுச்சத்து. 65 கிலோ ஆளுக்கு 520 கிராம். நூறு கிராம் பச்சரிசியில் 78 கிராம்தான் கிடைக்கும். சோற்றை மட்டும் நம்பினால் வயிறு வெடிக்கும். பழச்சாறு, அவல், ரொட்டி, வெல்லம் என்று பிரித்துக்கொண்டு, பருப்பையும் பொரியலையும் எண்ணெயையும் குறைத்தால் எட்டிவிடலாம். எடை ஒன்று, ஒன்றரை கிலோ கூடும். சேர்ந்த மாவுச்சத்தோடு ஒட்டிய தண்ணீர் அது, பதற வேண்டாம். சனிக்கிழமை பெரிய சாப்பாடு மதியமே முடியட்டும், இரவு நாலு இட்லி போதும். நகத்தை வியாழக்கிழமையே நேராக வெட்டிவிட வேண்டும்.