500 கிலோ ஆட்டுத்தோலை வெட் ப்ளூ ஆக்கும்போது டிரம்முக்குள் மாறும் பிணைப்புகள்

தோலைக் குரோமியம் உப்பால் (குரோம்) பதனிட்டு, வெட் ப்ளூ எனப்படும் ஈரமான நீலத் தோலாக்கும்போது எங்களை அடிக்கடி சோதிப்பது ஒன்றுதான். நடுத்தோலைப் போய்ச் சேருமுன்பே குரோம் மேலேயே ஒட்டிக்கொள்ளும். பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பக்கத்து டேனரிகளில் அளவு ஆளுக்கு ஆள் மாறும், வரிசை மாறாது. இங்கே தரும் அளவுகள் சுண்ணாம்பு நீக்கி, பேட்டிங் (நொதி போட்டு மென்மையாக்குவது) முடிந்த 500 கிலோ தோலுக்கு.

முதலில் பிக்கிள், அதாவது தோலை உப்பிலும் ஆசிட்டிலும் ஊறவைப்பது. 400 லிட்டர் தண்ணீரில் 50 கிலோ உப்பு போட்டு, டிரம்மை 15 நிமிடம் ஓட்டவும். உப்புநீரின் அடர்த்தியைக் காட்டும் போமே மானி 6-க்குக் குறையாமல் காட்டினால்தான் ஆசிட்டைத் தொட வேண்டும். கொலாஜன் இழைகளைச் சேர்த்துப் பிடித்திருப்பதில் அமினோ தொகுதிக்கும் கார்பாக்சில் தொகுதிக்கும் இடையிலான அயனிப் பிணைப்புக்குப் பெரிய பங்கு உண்டு. ஆசிட் பட்டதும் கார்பாக்சிலில் புரோட்டான் ஏறும், எதிர்மின்சுமை போகும், பிடி விடும். உப்பு போதாவிட்டால் தோல் தண்ணீர் குடித்துக் கண்ணாடிபோல வீங்கிவிடும். அப்படி உடைந்த இழையைப் பிறகு எதைப் போட்டும் மீட்க முடியாது.

சோடியம் குளோரைடின் படிகக்கூடு ஆற்றல் மோலுக்கு 787 கிலோஜூல் என்று படித்தவர்களுக்கு, அது பச்சைத்தண்ணீரில் எப்படிக் கரைகிறது என்ற சந்தேகம் வரும். அயனிகளைத் தண்ணீர் சூழும்போது வெளிவரும் நீரேற்ற ஆற்றலும் ஏறக்குறைய அவ்வளவே, பற்றாக்குறை 4 கிலோஜூல்தான். அதனால் மூட்டை மூட்டையாகக் கொட்டினாலும் சூடு ஏறாது. கந்தக அமிலம் அப்படியல்ல, கொதிக்கும். 2.5 கிலோ ஃபார்மிக் ஆசிட்டை நீர்க்கச் செய்து முதலில் விடவும். பிறகு 6 கிலோ கந்தக அமிலம். அதை 60 லிட்டர் தண்ணீரில் மெல்ல ஊற்றி (தண்ணீரை ஆசிட்டில் ஊற்றவே கூடாது), ஆறவைத்து, 15 நிமிட இடைவெளியில் மூன்று தவணையாக விடவும். இரண்டு மணி நேரம் கழித்து பிஎச் 2.8 இருக்க வேண்டும். கழுத்துப் பக்கம் பிளேடால் ஒரு கீறு கீறி, வெட்டுமுகத்தில் பிஎச்சுக்கேற்ப நிறம் மாறும் புரோமோகிரசால் கிரீன் ஒரு சொட்டு விடுங்கள். முழுதும் மஞ்சளானால் சரி. நடுவில் நூல்போலப் பச்சையோ நீலமோ தெரிந்தால் இன்னும் அரை மணி நேரம் ஓட்டுங்கள்.

பாதித் தண்ணீரை வடித்துவிட்டு, 33 சதவீத பேசிக் குரோம் (காரத்தன்மை 33 சதவீதமுள்ள குரோமியம் சல்பேட்) 40 கிலோ போடவும். இந்த பிஎச்சில் கார்பாக்சில் சுமையில்லாமல் இருப்பதால் குரோம் எதிலும் மாட்டாமல் உள்ளே போகும். ஒன்றரை மணி நேரத்தில் வெட்டுமுகம் முழுக்க நீலமாக வேண்டும்.

அடுத்த கட்டத்தில்தான் அவசரப்படுபவர்கள் மாட்டுவது. 5 கிலோ சோடியம் ஃபார்மேட், அரை மணி நேரம். பிறகு 5 கிலோ சோடா உப்பை (சோடியம் பைகார்பனேட்) 100 லிட்டர் தண்ணீரில் கரைத்து நான்கு தவணை, தவணைக்கு 20 நிமிடம். வெந்நீரில் கரைக்காதீர்கள். பைகார்பனேட் சிதைந்து கார்பனேட் ஆகிக் காரம் கூடிவிடும். பிஎச் ஏற ஏற கார்பாக்சில் சுமை பெறுகிறது, குரோம் அணுக்கள் ஒன்றோடொன்று கோத்துப் பெரிதாகின்றன, இரண்டுக்கும் இடையே ஈதல் சகப்பிணைப்பு விழுகிறது. ஒரே மூச்சில் ஊற்றினால் இது மேற்பரப்பிலேயே முடிந்து, மேலே பச்சைத் திட்டும் சுருங்கிய கிரெயினும் (தோலின் மேற்பரப்பு), நடுவில் பதனாகாத தோலும் மிஞ்சும்.

பிஎச் 3.8 வந்ததும் கொதிநீர்ச் சோதனை. ஒரு துண்டைக் காகிதத்தில் வைத்து ஓரம் வரைந்து, 2 நிமிடம் கொதிக்கவிட்டுத் திரும்ப வைத்துப் பாருங்கள். அப்பளம்போலச் சுருண்டால் குரோம் பிடிக்கவில்லை. பதனிடாத பச்சைத்தோல் 60 டிகிரியைத் தாண்டினாலே சுருங்கும். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்ட தோல் ஹைட்ரஜன் பிணைப்பை நம்பியிருப்பதால் 80-85 டிகிரி வரைதான் தாங்கும். குரோம் தோல் 100 டிகிரியைத் தாண்டும். குரோமியம் அயனி தன் இணைப்பை மாற்ற நேரம் எடுப்பது, எனவே சோதனை சற்றே தவறினால் மருந்தைக் கூட்டாமல், 38-40 டிகிரியில் மேலும் ஓட்டி, இரவு முழுக்க அடுக்கிவைத்து மறுபடி பாருங்கள்.

வடிந்த நீரில் இன்னும் குரோம் இருக்கிறது. பாலாற்றுப் படுகையின் டேனரிக் கழிவு பற்றி உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்புச் சொன்ன ஊர் இது, அந்த நீரைச் சாக்கடையில் விட நமக்கு உரிமையில்லை. மக்னீசியம் ஆக்சைடு போட்டு பிஎச்சை 8-க்கு மேல் கொண்டுபோனால் குரோம் ஹைட்ராக்சைடாகக் கெட்டியாகப் படியும். காஸ்டிக் சோடா கூடிப்போனால் படிந்தது மறுபடி கரையும், மக்னீசியாவில் அந்தப் பயம் இல்லை. மேலே தெளிந்த நீரை வடித்து, படிவைக் கந்தக அமிலத்தில் கரைத்தால் அடுத்த டிரம்முக்குப் புதுக் குரோமுடன் கலந்து போடலாம்.