மணல் அடுக்குக்குத் தேதி வாங்கிய கதை

தீசிஸில் கேட்ட திருத்தங்களை ஏற்றுக்கொண்டதாகப் போன வாரம் கடிதம் வந்துவிட்டது. பதிவு செய்த நாளிலிருந்து ஆறரை வருடம். அதில் இரண்டு வருடம் முழுக்க வீண். அந்த இரண்டு வருடத்தைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். பழங்காலச் சமூகங்களும் இயற்கைச் சீற்றங்களும் என்று தலைப்பு எடுத்து இப்போது முதல் வருடத்தில் இருப்பவர்கள் படித்தால் ஒரு வருடமாவது மிச்சமாகும்.

என் கேள்வி எளிமையானது. காயல் கரையில் ஒரு பழைய குடியிருப்பு. வீட்டுத் தரைகளுக்கு மேலே 30 சென்டிமீட்டர் கடல் மணல். சுனாமியோ பெரும்புயலோ ஒரே வீச்சில் கொண்டுவந்து போட்டது. ஊர் அதனால்தான் காலியானதா?

ஆய்வுச் சுருக்கத்தில் ‘கடல் அழித்த ஊர்’ என்றே எழுதியிருந்தேன். கைடு ‘அழித்த’ என்ற சொல்லை வட்டமிட்டு, பக்கத்தில் “தெரியுமா?” என்று மட்டும் எழுதித் திருப்பித் தந்தார். அன்றைக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் கேட்டது சரி. கிரேக்கத்தின் சாண்டோரினித் தீவில் இருந்த அக்ரோத்திரி என்ற பழைய நகரம் எரிமலைச் சாம்பலுக்கு அடியில் அப்படியே கிடைத்தது. இத்தாலியின் பொம்பெயி நகரத்தில் கிடைத்தது போல மனித உடல்கள் அங்கே கிடைக்கவில்லை. மக்கள் முன்னதாகவே கிளம்பிவிட்டார்கள். மேலே ஓர் அடுக்கு கிடக்கிறது என்பதற்காக அதுதான் ஆட்களை விரட்டியது என்று சொல்லிவிட முடியாது. மணல் வந்த தேதி தனியாக வேண்டும், கடைசி அடுப்பு எரிந்த தேதி தனியாக வேண்டும்.

மண்ணடுக்குகளை வரிசை குலையாமல் உருளையாக எடுக்கும் கோர் குழாயை இறக்கியது, எடுத்தது, குளிரறையில் வைத்தது எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தது. சிக்கல் அதற்கு அப்புறம்தான்.

கையில் இருந்த நிதியில் பாதியை முதல் தவணையிலேயே, உயிர்ப்பொருள்களின் வயதை அளக்கும் கார்பன்-14 லேபுக்குக் கட்டினேன். அனுப்பியது நான்கு மாதிரிகள். மணலிலிருந்து இரண்டு சிப்பி, தரையில் விழுந்து கிடந்த உத்தரத்திலிருந்து இரண்டு கரித்துண்டு. பெரிதாக, சுத்தமாக இருந்தன, அதனால் எடுத்தேன். மூன்று மாதம் கழித்து முடிவு வந்தது. மூத்த தேதிக்கும் இளைய தேதிக்கும் 900 வருட இடைவெளி. அதைவிடக் கொடுமை, மேலே கிடந்த சிப்பி கீழே கிடந்த கரியைவிட மூத்ததாக நின்றது.

காரணம் பிறகு புரிந்தது. கடல்நீரில் கரைந்திருக்கும் கார்பன் ஏற்கெனவே பழையது. அதைத் தின்று வளர்ந்த சிப்பி, செத்த அன்றைக்கே பல நூறு வயது காட்டும். கார்பன் வயதை நாட்காட்டி வருடமாக மாற்றத் திருத்த வளைவுகள் உண்டு. நானோ நிலத்து மாதிரிகளுக்கான இன்ட்கால்20 வளைவிலேயே சிப்பியையும் ஓட்டியிருந்தேன். கடல் மாதிரிகளுக்கான மெரைன்20-இல் ஓட்டி, அந்தக் கடற்கரைக்கான திருத்தத்தையும் சேர்த்திருக்க வேண்டும். அது போக, அலை எந்தக் காலத்துச் சிப்பியை வேண்டுமானாலும் வாரிக்கொண்டு வரும். இரண்டு ஓடும் மூடியபடி ஒட்டியே கிடந்தால்தான் அது உயிரோடு வந்து புதைந்தது என்று ஓரளவு நம்பலாம். என்னுடையவை ஒற்றை ஓடுகள். உத்தரக் கரி பற்றிக் கேட்கவே வேண்டாம். மரத்தின் உள்வளையம் எரிந்த நாளின் வயதைச் சொல்லாது, அந்த வளையம் வளர்ந்த நாளின் வயதைத்தான் சொல்லும். விதை, சுள்ளி, தானியம் என ஒரே பருவத்தில் விளைந்து முடிந்ததை மட்டும் அனுப்புங்கள். அரிசி மணி அளவு போதும்.

மணலுக்கு ஓ.எஸ்.எல். (ஒளியால் தூண்டி, மணிகள் விடும் ஒளிர்வை அளக்கும்) முறைதான் கதி என்று முடிவாயிற்று. ஜப்பானில் 869-ஆம் ஆண்டு ஜோகன் சுனாமி விட்டுப்போன மணலுக்கு நல்ல அதிர்ஷ்டம். அதற்கு மேலேயே 915-இல் டொவாடா எரிமலை கக்கிய சாம்பல் படிந்திருக்கிறது. சாம்பலைப் பார்த்தாலே மணல் அதற்கு முந்தையது என்று தெரிந்துவிடும். எனக்கு அப்படி எதுவும் வாய்க்கவில்லை. குவார்ட்ஸ் மணிகள் கடைசியாக எப்போது வெயில் பார்த்தன என்று அளப்பது ஒன்றே வழி. அதனால் எடுக்கும்போதிலிருந்து லேபின் சிவப்பு விளக்குக்குக் கீழே பிரிக்கும்வரை மணலில் வெளிச்சம் படவே கூடாது.

இரண்டு கறுப்புக் குழாய்களை வெளிநாட்டு லேபுக்கு அனுப்பினேன். மண் என்றால் தாவர நோய்த் தடுப்பு அனுமதி வேண்டும் என்பது தெரியும், அதை வாங்கியிருந்தேன். ‘கதிர்வீச்சாலோ வெப்பத்தாலோ கிருமி நீக்கக் கூடாது’ என்றும் எழுதி ஒட்டியிருந்தேன், இரண்டுமே அளவீட்டைக் கெடுத்துவிடும் என்பதால். திறக்கக் கூடாது என்று எழுத மட்டும் தோன்றவில்லை. சோதனை மேசையில் ஒருவர் இரண்டு குழாய்களையும் மூடி கழற்றிப் பார்த்துவிட்டு மறுபடி மூடி, ‘திறந்து பார்க்கப்பட்டது’ என்று பச்சை நாடா ஒட்டி அனுப்பியிருக்கிறார். லேபிலிருந்து அந்த நாடாவின் படம் வந்த இரவு எனக்குத் தூக்கம் இல்லை.

ஒரு குழாய் பிழைத்தது. அதில் மணலை இறுக்கி அடைத்திருந்தேன், வெளிச்சம் முனையோடு நின்றுவிட்டது. முனைப்பகுதியை எப்படியும் தள்ளிவிட்டு நடுவில் இருப்பதைத்தான் அளப்பார்கள். இன்னொன்றில் கொஞ்சம் இடம் விட்டிருந்ததால் மணல் குலுங்கிக் கலந்துபோயிருந்தது. அது போனது போனதுதான். அதற்குப் பிறகு அனுப்பிய ஒவ்வொரு பெட்டியிலும் அதே மணலில் ஒரு பிடியைத் தெளிந்த பையில் போட்டு, ‘சோதனைக்கு இதைத் திறக்கவும், குழாயைத் திறந்தால் ஆய்வு பாழ்’ என்று எழுதி மேலாக வைத்தேன். ஒருமுறைகூடக் குழாயைத் தொடவில்லை. நீங்களும் இதைச் செய்யுங்கள்.

அடுத்தது அடுப்பு. முன்பு அகழாய்வு செய்தவர்கள் அடுப்பு மண்ணை மூட்டையாகக் கட்டிச் சேமிப்பறையில் வைத்திருந்தார்கள். தண்ணீரில் மிதக்கவிட்டு எடுத்தபோது பதினேழு கருகிய தானிய மணிகள் மேலே வந்தன. அவற்றை எரித்து வாயுவாக்கித்தான் அளக்க முடியும் என்பதால் அழிவுப் பகுப்பாய்வு அனுமதி வேண்டும். அதற்காக அலுவலகத்துக்கு மூன்று முறை நடந்தேன். முதல் முறை, கையெழுத்துப் போட வேண்டியவர் ஓய்வு பெற்றுவிட்டார், புதியவர் வரவில்லை. இரண்டாவது முறை, எழுத்தர் பதிவேட்டைத் திறந்து காட்டினார். பதினேழு மணிகளுக்கும் சேர்த்து ஒரே எண். “ஒரே எண் என்றால் ஒரே பொருள். பொருளை அழிக்க அனுமதி கொடுத்தால் பதிவேட்டில் எண் காலியாகிவிடும், முடியாது” என்றார். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், தலையைத் தூக்கவே இல்லை.

வழி சொன்னவர் சேமிப்பறை உதவியாளர். “ஒவ்வொரு மணிக்கும் துணை எண் போட்டு, அளவோடு படம் எடுத்துப் பட்டியலாகக் கொடுங்கள். நாலு மணி போனாலும் எண் நிற்கும்.” அன்று மாலையே உட்கார்ந்து பதினேழுக்கும் படம் எடுத்தேன். மூன்றாவது முறை பத்தே நிமிடத்தில் கையெழுத்து ஆயிற்று.

அந்தப் படங்களுக்காக நுண்ணோக்கியைக் குளிரறைப் பக்கம் கொண்டுபோனபோதுதான் கோரையும் மறுபடி பார்த்தேன். தரைக்கும் மணலுக்கும் நடுவே ஒரு விரற்கடை தடிமனுக்குக் கருஞ்சேறு. முதல் நாள் எடுத்த படத்திலும் அது இருக்கிறது. ‘கலங்கல்’ என்று குறித்துவிட்டுக் கடந்திருந்தேன். இப்போது பார்த்தால் அதிலிருந்து மயிரிழை போல வேர்த்தடங்கள் நேராகத் தரைக்குள் இறங்குகின்றன. மேலே மணலில் ஒன்றுகூட இல்லை. அதாவது, மணல் வருவதற்கு முன்பே அந்த வீட்டுத் தரையில் தண்ணீர் தேங்கி, சேறு படிந்து, புல் முளைத்திருக்கிறது. யாரும் பெருக்காத தரை அது. எவ்வளவு நேரம் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றேன் என்று தெரியவில்லை.

சேற்றிலிருந்து நாணல் விதைகளைப் பொறுக்கி, அடுப்பின் நான்கு மணிகளோடு சேர்த்து அனுப்பினேன். இந்த முறை வரிசை சரியாக நின்றது: அடுப்பு, சேறு, மணல். தேதிகளைக் கணக்கிடும் ஆக்ஸ்கால் மென்பொருளில் அடுக்குகளின் வரிசையையும் கொடுத்து ஓட்டியதில், கடைசி அடுப்புக்கும் மணலுக்கும் இடையில் சில பத்தாண்டுகளிலிருந்து இருநூறு வருடம்வரை இருக்கலாம் என்று வந்தது. அதிலும் முதலில் ஒரு தவறு. கார்பன்-14 முடிவில் ‘இன்றைக்கு முன்’ என்றால் 1950-க்கு முன் என்று பொருள். ஓ.எஸ்.எல். லேபோ மாதிரி எடுத்த வருடத்திலிருந்து எண்ணியிருந்தது. இரண்டையும் அப்படியே சேர்த்ததில் எழுபது வருடம் நகர்ந்துவிட்டது. வரைவைப் படித்த சக மாணவி பிடித்தாள், இல்லையென்றால் வைவாவில் மாட்டியிருப்பேன். எல்லாவற்றையும் பொது ஆண்டுக்கு மாற்றிவிட்டு அப்புறம் ஒப்பிடுங்கள்.

இன்னொன்று. பொது ஆண்டுக்கு முன் 800 முதல் 400 வரையிலான காலம் என்றால் காசு கட்டும் முன் யோசியுங்கள். திருத்த வளைவு அங்கே தட்டையாகக் கிடக்கிறது, எவ்வளவு துல்லியமாக அளந்தாலும் நூற்றாண்டுக் கணக்கில் விரிந்த தேதிதான் வரும். அடுத்த அறை நண்பர் அங்கேதான் மாட்டிக்கொண்டு நிற்கிறார்.

வைவாவில், “கடல் அழிக்கவில்லை என்றால் ஏன் போனார்கள்?” என்று கேட்டார்கள். காயலின் வாய் மண்மூடியிருக்கலாம், குடிநீர் உப்பாகியிருக்கலாம். இரண்டையும் சோதிக்க அந்தச் சேற்றில் இருக்கும் டயாட்டம்களை (நீரின் உப்பளவைக் காட்டும் நுண்பாசிகளை) எண்ண வேண்டும், இன்னும் எண்ணவில்லை என்றேன். அதைத் திருத்தமாக எழுதச் சொன்னார்கள், எழுதினேன்.

மீதி பதின்மூன்று மணிகளையும் துணை எண்ணோடு சேமிப்பறையிலேயே திருப்பி வைத்துவிட்டேன். இன்னும் நல்ல முறை ஒன்று வரும்போது யாருக்காவது வேண்டியிருக்கும். பட்டியலின் ஒரு நகல் பைக்குள்ளேயே இருக்கிறது.