ஒட்டுப் பெட்டி

2003 ஜனவரியில் லண்டனின் தென்மேற்கே நியூ மால்டனுக்கு வந்து சேர்ந்தபோது மின்சார ரயில் மட்டுமல்ல, ரயிலே எனக்குப் புதிது. 1990இல் போரால் யாழ்தேவி ரயில் எங்கள் யாழ்ப்பாணப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் பங்கர்கள் என்ற பதுங்குகுழிகளுக்குப் போய்விட்டன.

முதல் நாள் வேலை முடிந்து லண்டன் வாட்டர்லூ நிலையத்தில் ஏறினேன். நியூ மால்டனில் வண்டி நின்றது. கதவு தானாகத் திறக்கும் என்று பணிவாக நின்றேன். அருகில் ஒரு பொத்தான் மினுங்கியதை வண்டி நகர்ந்த பிறகுதான் கண்டேன். அடுத்த நிலையமான நார்பிட்டனில் இறங்கிக் குளிரில் நடந்தே வீடு வந்தேன்.

சிரித்து ஓய்ந்த மாமா, அந்த வண்டியின் சாதகத்தையே எடுத்துவைத்தார். பெயர் 455ஆம் வகுப்பு. யார்க் நகரத் தொழிற்சாலையில் 1982 முதல் 1985 வரை பிறந்தவை. நான்கு பெட்டிகள் கொண்ட 137 தொடர்கள். மேலே மின்கம்பி கிடையாது. பக்கத்தில் ஓடும் மூன்றாவது தண்டவாளத்தில் 750 வோல்ட். அதை உரசியபடியே போகும். உறைபனி விடியலில் அந்த உரசலில் நீலப் பொறி பறக்கும்.

"நாளைக்குக் கூரையைப் பாருங்கள் தம்பி, நான்கும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் இல்லை" என்றார்.

பார்த்தேன். ஒரு பெட்டியின் கூரை மட்டும் மற்றவற்றோடு பொருந்தவில்லை. 508ஆம் வகுப்பு ரயில்கள் லிவர்பூல் பக்கம் அனுப்பப்பட்டபோது, அங்கே மூன்று பெட்டிகள் போதும் என்று தொடருக்கொன்றாக 43 பெட்டிகளை இங்கேயே கழற்றி வைத்துக்கொண்டார்களாம். அவற்றைப் புதிய 455 தொடர்களில் செருகிவிட்டார்கள். பழைய சேலையைக் கிழித்துத் தலையணை உறை தைக்கும் என் ஆச்சிக்கு இவர்கள் சிக்கனத்தில் இளைத்தவர்கள் அல்லர்.

அந்தப் பெட்டியில்தான் வழக்கமாக ஏறுவேன். புலம்பெயர்ந்தவன் தன்னையே அதில் கண்டான் என்று யாரும் கதை கட்ட வேண்டாம்; இறங்கும்போது அது படிக்கட்டுக்கு நேரே நிற்கும், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை மாலைகளில் விம்பிள்டன் பிள்ளையார் கோவிலுக்குப் போகவும் அதே வண்டிதான்.

தென்லண்டனின் மற்றப் பாதைகளில் ஓடிய 455கள் 2022 மே மாதத்தோடு ஓய்ந்தன. எங்கள் பக்கமும் பிறகு 701ஆம் வகுப்பு வரத் தொடங்கியது. குளிரூட்டிய வண்டி, பெட்டிகளுக்கிடையே கதவில்லை, ஒரு முனையிலிருந்து மறுமுனை தெரிகிறது. முதல் தடவை ஏறியபோது கூரையைப் பார்த்தேன். எல்லாம் ஒரே அச்சு. நியூ மால்டன் வருவதற்கு இரண்டு நிலையங்கள் முன்பே எழுந்து கதவருகே போய் நின்றுகொண்டேன்.