எட்டாம் மாதத்தில் இரண்டு ஃபைப்ராய்டு கட்டிகளுடன்

கர்ப்பத்தின் தொடக்கத்தில் எடுத்த ஸ்கேனிலேயே என் கர்ப்பப்பையில் இரண்டு ஃபைப்ராய்டு கட்டிகள் தெரிந்தன. முன்சுவரின் மேல்பகுதியில் ஒன்று 8 செ.மீ.; பின்சுவரில் கர்ப்பப்பை வாய்க்கு அருகே மற்றொன்று 5 செ.மீ. இவை புற்றுநோய்க் கட்டிகள் அல்ல என்று மருத்துவர் விளக்கியிருந்ததால், பிரசவத்துக்காகத் தக்கலையிலுள்ள தாய்வீட்டுக்கு வரும்வரை நான் அவற்றைப் பெரிதாக நினைக்கவில்லை.

வந்த சில நாட்களில் வயிற்றின் மேல்பகுதியில், கை வைத்தாலே துடிக்கும்படி வலி எடுத்தது. லேசான காய்ச்சலும் வாந்தியும் இருந்தன. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அனுமதித்து, பிரசவ வலியா, நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிகிறதா, குடல்வால் அழற்சியா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து விலக்கிய பிறகே, பெரிய கட்டிக்குள் இரத்த ஓட்டம் போதாமல் திசு அழிவதால் வரும் வலி இது என்றார்கள். ஓய்வு, குளுக்கோஸ், பாராசிட்டமால் ஆகியவற்றுடன் சில நாட்களில் வலி அடங்கியது. வீட்டில் இருக்கும் இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளைத் தொடவே கூடாது என்று மருத்துவர் கண்டிப்புடன் சொன்னார்: கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் அவை குழந்தையின் இதயத்தை ஒட்டியுள்ள ஒரு இரத்தக் குழாயை முன்கூட்டியே சுருக்கிவிடலாம், பனிக்குட நீரையும் குறைக்கலாம்.

அவ்வளவு வலி தந்த பெரிய கட்டி பிரசவத்தைத் தீர்மானிக்கவில்லை. வலியே தராத சின்னக் கட்டிதான் தீர்மானித்தது. கர்ப்பப்பை வளர வளரக் கீழிருக்கும் கட்டி சில வேளைகளில் மேலே நகர்ந்து வழிவிடும் என்பதால் 36-ஆம் வாரம் வரை காத்திருந்தோம். அது நகரவில்லை, குழந்தையும் பிட்டம் கீழாகவே இருந்தது. ஆகவே ஸ்கேன் அறிக்கையில் எல்லோரும் முதலில் தேடும் அளவைவிட, கட்டி எந்த இடத்தில் இருக்கிறது, நஞ்சுக்கொடிக்கு அடியில் இருக்கிறதா, குழந்தையின் வழியை மறிக்கிறதா என்பதைத்தான் கேட்க வேண்டும் என்று கர்ப்பிணிகளிடம் இப்போது அழுத்திச் சொல்கிறேன்.

சிசேரியன் முடிவானதும், “வயித்தக் கீறும்போதே அதையும் எடுத்திரச் சொல்லு, மக்களே” என்றார் அம்மா. மைனியும் அதையே சொன்னார். மறுமுறை கத்தி வேண்டாமே என்ற அக்கறை அது. நிறைமாதக் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் இரத்தம் பாய்கிறது. அந்நேரத்தில் சுவருக்குள் புதைந்த கட்டியைத் தோண்டினால் இரத்தப்பெருக்கு நிற்காமல் கர்ப்பப்பையையே எடுக்க நேரலாம் என்று மருத்துவர் அம்மாவிடம் பொறுமையாக விளக்கினார். வெளிப்புறத்தில் காம்புடன் தொங்கும் கட்டியாக இருந்தால் பார்க்கலாம், உங்கள் மகளுக்கு அப்படி இல்லை என்றார்.

ஹீமோகுளோபின் 9.6 மட்டுமே இருந்ததால், முன்னரே இரும்புச்சத்து ஊசியை நரம்பு வழியாக ஏற்றியிருந்தார்கள். கட்டிகள் இருந்தால் கர்ப்பப்பை சரியாகச் சுருங்காமல் இரத்தப்போக்கு அதிகமாகலாம் என்பதால், என் பிரிவு இரத்தத்தையும் தயாராக வைத்தார்கள். அது உண்மையிலேயே தேவைப்பட்டது. ஒரு யூனிட் ஏற்றினார்கள். மகள் நலமாகப் பிறந்தாள்.

சில மாதங்கள் கழித்து எடுத்த ஸ்கேனில் இரண்டு கட்டிகளும் கணிசமாகச் சுருங்கியிருந்தன. கர்ப்பப்பையில் எங்கே கீறினார்கள், கட்டிகள் எங்கே இருந்தன என்பதை டிஸ்சார்ஜ் சீட்டில் தெளிவாக எழுதித் தரச் சொல்லி வாங்கி வைத்திருக்கிறேன்; அடுத்த கர்ப்பத்தில் எந்த மருத்துவரிடம் போனாலும் அதைத்தான் முதலில் காட்ட வேண்டியிருக்கும்.